பதினெட்டடியில் நின்ற தண்ணீர்

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது அளந்து, எழுதி, தேதி போட்டுக் கொடுத்தால் அப்படியே நம்பிவிடுவேன். வாயால் சொல்வதை மட்டும் லேசில் நம்பமாட்டேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவள் நான். ஆய்வு நோட்டில் அளவு எழுதாத பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். அளவு எழுதியவர்களில் பாதிப் பேர் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தார். கொதிகலன்களுக்கு வேண்டிய குழாய்களை வளைத்துக் கொடுப்பது பட்டறையின் தொழில். கரண்ட் இல்லாத நாட்களில் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள். அவர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் உலாத்துவார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒரு நாளில்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே, லால்குடியையும் தாண்டி, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறதாம். அதை வெட்டி அங்கேயே எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம்.

"வடக்க புதையல் கிடைச்சிருக்கு. இனிமே நான் பகல்ல வீட்ல இருக்க மாட்டேன். உனக்கு சந்தோஷம்தானே?" என்றார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர். மேலப்புதூர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர், சட்டைப் பையில் எப்போதும் நாலு வண்ணப் பென்சில் வைத்திருப்பவர். ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அவர் ஒரு பெரிய வெள்ளைத் தாளில் படம் போட்டார். மேலே மண், அதன் கீழே களிமண், அதற்கும் கீழே நிலக்கரி. நிலக்கரிக்கு அடியில் நீலப் பென்சிலால் ஒரு பட்டை தீட்டினார். அது தண்ணீர். பாறைக்கும் நிலக்கரிக்கும் நடுவே அமுங்கிக் கிடக்கிற தண்ணீர். மேலே தோண்டினால் அது பொத்துக்கொண்டு வந்து குழியை நிரப்பிவிடும். அதனால் தோண்டுவதற்கு முன்பே, தோண்டுகிற காலமெல்லாம், இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"நமக்கு விளக்கு எரியும். அங்க இருக்கறவங்க கிணறு என்ன ஆகும்? யாராவது அளந்து பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

அளந்து என்ற சொல்லைக் கேட்டதும், நான் அளக்கிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான்.

நிலக்கரி வெட்ட வந்த நிறுவனம் முதலில் சோதனைக்கென்று சில பெரிய ஆழ்குழாய்களை இறக்கியது. ஒரு வருடம் இறைத்துப் பார்ப்பார்கள். சுற்றுப்புறக் கிணறுகளுக்குக் கேடு இல்லையென்றால் இன்னும் பல குழாய்கள் இறங்கும், சுரங்கம் வரும். கேடு என்று தெரிந்தால் பம்புகள் நிற்கும். அதை ஒரு விசாரணை வைத்து முடிவு செய்வதாக அரசு சொன்னது. எங்கள் குழு என்பது பேராசிரியர், நான், இன்னும் இரண்டு மூன்று ஆசிரியர்கள். பம்புகள் ஓடத் தொடங்குவதற்கு முந்தின வாரம் குழாய் இறக்கிய ஊருக்குப் போய்ப் பதினான்கு கிணறுகளில் நானே கயிறு விட்டு அளந்தேன். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, முனையில் ஒரு கல். ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் ஒரு கயிறும் ஒரு நோட்டும் கொடுத்தேன். வாரம் ஒரு முறை தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் ஒரு கடிதம் எழுதினேன். விசாரணை அதிகாரிக்கு. "நிபுணர்கள் சொல்வதை நீங்கள் கேளுங்கள். எங்களுக்கு எங்கள் கிணறுகள் சொல்வதே சாட்சியம். அந்த நோட்டுகளில் உள்ளதை நாங்கள் ஏற்போம். நீங்களும் ஏற்கத் தயாரா?" என்று கடைசி வரி. பேராசிரியர் படித்துவிட்டு, "பிரமாதம்" என்றார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. அதிகாரியிடமிருந்து பதிலும் வந்தது. ஏற்கத் தயார் என்று ஒரே வரி.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்து லால்குடியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போவேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் காதில் படுவது அந்தப் பம்புச் சத்தம். பெரிய சத்தம் இல்லை. காதை விட வயிற்றில்தான் அதிகம் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போது மறந்துவிடும், பேச்சு நின்றால் மறுபடி இருக்கும். இறைத்த தண்ணீர் ஒரு சிமெண்ட் வாய்க்காலில் ஓடி ஓடையில் விழுந்து யாருக்கும் உதவாமல் போனது. கொக்குகள் வந்து கூடின. அந்த ஊரில் அதற்கு முன் அத்தனை கொக்கை யாரும் பார்த்ததில்லை என்றார்கள்.

பதினான்கு பேரில் எனக்கு நெருக்கமானவர் பம்புக்குப் பக்கத்து வயல்காரர். கடலையும் சின்ன வெங்காயமும் போடுகிறவர். ஆண் வாரிசு கிடையாது, ஒரே பெண். பள்ளி இறுதி வரை படித்த அந்தப் பெண்தான் அவர்கள் நோட்டை எழுதினாள். கையெழுத்து அச்சுக் கோத்தது மாதிரி இருக்கும். நான் முதலில் அளந்தபோது அவர் கிணற்றில் தண்ணீர் பதினெட்டு அடியில் நின்றது.

இரண்டாவது மாதத்திலிருந்து என்னை யாரும் கிணறுகளுக்கு அழைத்துப்போகவில்லை. "வெயில்ல எதுக்கு டீச்சர் நடக்கணும்? நாங்க நோட்டைக் கொண்டாந்துட்டோம் பாருங்க" என்று பஸ் நிற்கிற இடத்துக் கடையிலேயே பதினான்கு நோட்டையும் அடுக்கி வைத்திருப்பார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கடையிலிருந்து கலர் உடைத்துக் கொடுப்பார்கள். எவ்வளவு மரியாதையான ஜனங்கள் என்று வீட்டில் வந்து சொன்னேன். ஒரு தடவை அந்தப் பெண்ணின் அம்மா தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக ரோட்டில் வெகுதூரத்திலிருந்து நடந்து வருவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் ஒரு வீட்டுச் சந்துக்குள் திரும்பிவிட்டார். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

நோட்டுகளில் தண்ணீர் அப்படியே நின்றது. பதினெட்டு, பதினெட்டேகால், பதினெட்டு. பக்கத்துப் பக்கத்து வயலில் அண்ணன் தம்பி இருவர், பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் நோட்டில் பத்தொன்பது என்றால் அடுத்த வாரம் தம்பி நோட்டில் பதினெட்டரை இருக்கும். மறு வாரம் அண்ணன் பதினெட்டுக்கு வந்துவிடுவார். பம்பு ஓட ஓட ஊரில் தண்ணீர் ஏறுகிறது! வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது அது ஸ்கேல் வைத்தது மாதிரி வந்தது.

"உன் கிணறுங்கள்ளாம் கம்பெனிக் கட்சி போலிருக்கே" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் பென்சிலைக் கடித்தார். நடுவிலுள்ள களிமண் தடிப்பாக இருந்தால் மேல் தண்ணீர் இறங்க நாளாகும் என்றார். அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று அரித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் அளந்து எழுதிக் கொடுத்தவர்கள் முன்னால் போய், எங்கே மறுபடி அளக்கிறேன் என்று கயிற்றை எடுப்பதா? அது அவர்களை அவமதிப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசாரணைக்கு இரண்டு வாரம் இருந்தபோது, பள்ளியில் மத்தியான இடைவேளையில், அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். அவளுக்கு ஜீயபுரத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. வளையல் வாங்குவதாகச் சித்தியோடு புறப்பட்டு வந்து, சித்தியைக் கோயிலில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

"இது என்னம்மா?"

"அந்த நோட்டுல அப்பா சொல்றதை எழுதினேன் டீச்சர். இதுல கயிறு சொன்னதை எழுதினேன்."

அதே தேதிகள், அதே கையெழுத்து. பதினெட்டு. இருபது. இருபத்துமூன்றரை. முப்பது. கடைசிப் பக்கத்தில் நாற்பத்திரண்டு, பக்கத்தில் 'சேறு' என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். இது கூடத் தெரியாதா என்பது மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

"எங்க பக்கம் பொண்ணு பார்க்க வர்றவங்க முதல்ல கிணத்தைத்தான் பார்ப்பாங்க. எனக்கு அண்ணன் தம்பி இல்ல. அந்த நிலம் எனக்குத்தான் வரும், கிணத்தோட. தண்ணி இறங்கிடுச்சுன்னு எவனாவது எழுதிக் குடுப்பானா? எல்லார் வீட்லயும் பொண்ணோ பையனோ இருக்காங்க டீச்சர். பதினாலு நோட்டும் பொய்தான்."

"இதை ஏன் எங்கிட்ட கொண்டாந்தே?"

"விசாரணையில குடுங்க. பம்பை நிறுத்தச் சொல்லுங்க."

"உன் கல்யாணம்?"

"அது என் பாடு" என்றாள். மணி அடித்துவிட்டது. சித்தி தேடுவாள் என்று ஓடினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் நேரே அவர்கள் வயலுக்கு நடந்தேன். கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். கயிறே தேவைப்படவில்லை. கல் கட்டு முடிந்து, அதற்குக் கீழே இதுவரை வெயிலே படாத மண் தெரிந்தது. மோட்டாரை இரண்டு முறை கீழே இறக்கி வைத்த அடையாளம் சுவரில் இருந்தது. அடியில் ஒரு கிண்ணம் அளவுக்கு ஏதோ பளபளத்தது. நூறு கஜத்தில் கம்பெனி வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடியது. எனக்கு அங்கேயே நிற்கப் பயமாக இருந்தது.

எப்படித்தான் தெரிந்ததோ, வயல்காரர் ஓடி வந்துவிட்டார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். ஆவணியில கல்யாணம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. மாப்பிள்ளையோட மாமா விசாரணைக்கு வரேன்னு சொல்லியிருக்காரு."

"கிணறே போயிடுச்சேண்ணே. இப்பச் சொல்லலைன்னா பம்பு நிக்காது."

"கிணறு மழை பேஞ்சா வரும். பேச்சு முறிஞ்ச பொண்ணுக்கு மறுபடி யாரு வருவா?"

அந்தக் கிணறு இனி எந்த மழைக்கும் வராது என்று எனக்குத் தெரியும். நீலப் பென்சில் படம் எனக்குத் தெரியும். அவருக்கு அதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அந்த இரண்டு வாரமும் பழுப்பு நோட்டு என் கைப்பையில் இருந்தது. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் உலாத்திவிட்டு, "கரண்ட் வேணும்னு நான்தான் குதிச்சேன். ஆனா இது பாவம். குடுத்துடு" என்றார்.

விசாரணை லால்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரி, அவருக்கு முன்னால் மேஜை மேல் பதினான்கு நோட்டுகள். முன் வரிசையில் ஜீயபுரத்து மாமா வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாக ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து, உரியவரைக் கூப்பிட்டு, கடைசி அளவை உரக்கப் படித்து, சரியா என்று கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து, "சரிங்க" என்றார்கள். அண்ணன் சொன்ன பிறகு தம்பி அதைவிடச் சத்தமாகச் சொன்னார். எங்கள் வயல்காரர் எழுந்தார். "பதினெட்டு அடி. சரிதானே?" "சரிங்க." உட்காரும்போது ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.

பிறகு அதிகாரி என் கடிதத்தை எடுத்தார். கடைசி வரியைப் படித்தார். மண்டபத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"டீச்சர், நீங்களே கேட்டபடி நாங்க இதை ஏத்துக்கத் தயார். இதையே சாட்சியமா எடுத்துக்கலாமா?"

கைப்பை மடியில் இருந்தது. கொக்கியைத் திறந்தும் விட்டேன். விரல்கள் அட்டையில் பட்டன. பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

"எடுத்துக்கலாம்" என்றேன்.

ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. அந்தக் கடிதத்தை எழுதியவள், கைதட்டல் வாங்கியவள், இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று மாதக்கணக்காக நான் ஒரு கிணற்றையும் எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டுமே. அந்த வெட்கம் மற்றொரு பாதி. எது பெரிய பாதி என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேடு எதுவும் இல்லை என்று உத்தரவு வந்தது. ஆடி முடிவதற்குள் புதுக் குழாய்கள் இறங்கின. பேராசிரியர் வருத்தப்பட்டார், ஆனால் அளவு சொல்வதை மறுக்க முடியாது என்று என்னைத் தேற்றினார். அவர் தேற்றத் தேற்ற எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆவணியில் பெண் வீட்டில் கல்யாணம். முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பம்புச் சத்தம் இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டது. வயல் பக்கம் கூட்டமாக இருந்ததால் அங்கே போனேன். கம்பெனிக்காரர்கள் கல்யாணத்துக்குச் செய்த உதவி என்ன தெரியுமா? தங்கள் வாய்க்காலை மூன்று நாளாக அவர் கிணற்றுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். கல் கட்டு வரை தண்ணீர் தளும்பியது. அடியிலிருந்து உறிஞ்சிய தண்ணீரையே மேலே ஊற்றி வைத்திருந்தார்கள். மதகை அடைத்து, மடையையும் மண்ணால் மூடி, தடம் தெரியாமல் வைக்கோல் பரப்பியாயிற்று.

ஜீயபுரத்து மாமா எட்டிப் பார்த்தார். ஒரு வாளி இறைக்கச் சொல்லி, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். "நோட்டுல எழுதினது ஒண்ணும் பொய்யில்ல. ஆத்தங்கரைத் தண்ணிகூட இப்படி இருக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். குடித்தேன். துரு வாசனை அடித்தது.

பெண்ணைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். அலங்காரம் முடிந்து, கழுத்து நிறையப் பூவோடு ஒரு பாயில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கோபமாகப் பேசுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் குரல் வகுப்பில் சந்தேகம் கேட்கிற பெண்ணின் குரல் மாதிரி இருந்தது.

"எனக்காகத்தான் நீங்க சொல்லலைன்னு அப்பா சொன்னாரு டீச்சர்."

"ஆமாம்மா."

"நான் நாளைக்கு ஆத்தங்கரைக்குப் போயிடுவேன். கதவைத் திறந்தா காவேரி." வெளியே கையைக் காட்டினாள். அங்கே அவள் அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, வாசலில் அடுக்கியிருந்த காலிக் குடங்களைப் பந்திக்கு வருகிறவர்கள் கண்ணில் படாமல் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "எங்கம்மா எங்க போவாங்க?"

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ வந்து அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் எழுந்து போய் அந்த அம்மாவின் கையிலிருந்த குடத்தை வாங்கப் பார்த்தேன். "நீங்க விருந்தாளி, போய் உட்காருங்க டீச்சர்" என்று அவர் கொடுக்க மறுத்துவிட்டார்.